வரிசையில் சேர்வதா, தனியே வழக்காடுவதா?

(பாவனையாளர் உரிமைகள் குறித்துக் கண்டியில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்த நண்பர் ஒருவர், "அமெரிக்காக்காரன் காருக்கு வழக்குப் போடுவதைக் கண்டியில் யாரப்பா கேட்கப்போகிறான்?" என்று தொலைபேசியில் கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டு காரணங்கள் சொன்னேன். ஒன்று, நம்மவர்களின் பிள்ளைகள் ஸ்காபரோவிலும் மெல்பேர்ணிலும் பேர்லினிலும் இருக்கிறார்கள். அங்கே காரில் கோளாறு என்று ஒரு கடிதம் வந்தால், அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் இங்கே அனுப்பி, "மாமா, இதில் கையெழுத்து வைக்கலாமா?" என்று கேட்கிறார்கள். மற்றக் காரணம் நமது குசினியில் இருக்கிறது. நாடெங்கும் அடுப்புகள் வெடித்த 2021 டிசம்பரில் இந்த மண்டபத்தில் இருக்கும் எல்லோரும் காஸ் சிலிண்டருக்கு முன்னால் நின்று, ரெகுலேட்டரில் சோப்பு நுரை தடவிப் பார்த்தோம். பாதிக்கப்பட்டவர் ஒருவர் அல்ல, ஊரே. அப்போது தனியாக முறைப்பாடு செய்வதா, எல்லோரோடும் சேர்ந்து நிற்பதா என்ற கேள்வி நமக்கும் வந்தது. அதற்குச் சட்டப் பெயர் இருப்பது மட்டும் நமக்குத் தெரியாது.

முதலில் அமெரிக்க ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். அங்கே திரும்பத் திரும்பப் பழுதாகும் புதுக் காரை லெமன் என்பார்கள். அப்படிப்பட்ட காரைத் தயாரித்த கம்பனி அதை மாற்றித்தர வேண்டும், அல்லது பணத்தைத் திருப்பித்தர வேண்டும் என்று ஒவ்வொரு மாநிலமும் சட்டம் வைத்திருக்கிறது. கலிபோர்னியாவில் அடிப்படைச் சட்டம் 1970இல் வந்தது. 1982இல் அதில் ஓர் அளவுகோலைச் சேர்த்தார்கள். வாங்கி 18 மாதத்துக்குள் அல்லது 18,000 மைலுக்குள், உயிருக்கு ஆபத்தான ஒரே கோளாறை இரண்டு முறை திருத்தியும் சரிவராவிட்டால், வேறு கோளாறானால் நான்கு முறை, அல்லது கார் மொத்தம் 30 நாளுக்கு மேல் கராஜில் கிடந்தால், கம்பனிக்குப் போதிய வாய்ப்புக் கொடுக்கப்பட்டுவிட்டது என்று சட்டம் அனுமானிக்கும். இது தனி ஆளின் வழக்கு. உங்கள் கார், உங்கள் பில், உங்கள் திருத்தச் சீட்டுகள்.

கூட்டு வழக்கு வேறு மாதிரி. ஓரிருவர் எல்லோருக்குமாக வழக்குப் போடுவார்கள். கம்பனி இணக்கத்துக்கு வரும். நீதிமன்றம் அதை அங்கீகரிக்கும். பிறகு, வழக்கைக் கண்ணால்கூடக் காணாத இலட்சக்கணக்கான கார்ச் சொந்தக்காரருக்குக் கடிதம் வரும். அந்தக் கடிதத்தில் நம்மவர்கள் தவறவிடும் வரி ஒன்று உண்டு. பேசாமல் இருந்தால் நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். பணம் கேட்டு விண்ணப்பிக்காவிட்டால் பணமும் கிடையாது, தனியே வழக்குப் போடும் உரிமையும் கிடையாது. விலகிக்கொள்கிறேன் என்று குறித்த திகதிக்குள் எழுதி அனுப்பியவருக்கு மட்டுமே தனி வழி திறந்திருக்கும். நமது ஊரில் பேசாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது என்று பழகிவிட்டோம். அங்கே பேசாமல் இருப்பதும் ஒரு கையெழுத்து.

இந்த இரண்டு வழியும் ஒரே கோளாறுக்கு ஒரே ஆண்டில் எப்படி வேலை செய்தன என்பதற்கு ஜேர்மனியைவிடத் துலக்கமான இடம் எனக்குத் தெரியாது. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

2015 செப்டெம்பர் 18ஆம் திகதி அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரம் வொக்ஸ்வாகன் நிறுவனத்தின் மோசடியை வெளியிட்டது. டீசல் கார் பரிசோதனை மேடையில் நிற்பதை எஞ்சினின் மென்பொருள் கண்டுபிடிக்கும். அப்போது மட்டும் நச்சுப்புகையைக் குறைக்கும். தெருவில் இறங்கியதும் பழையபடி கக்கும். உலகம் முழுவதும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் வாகனங்களில் இந்தத் தந்திரம் இருந்தது. ஜேர்மனியில் அதுவரை அமெரிக்கா போன்ற கூட்டு வழக்கு முறை இல்லை. இந்த விவகாரத்துக்குப் பிறகே, 2018 நவம்பரில், பாவனையாளர் அமைப்பு ஒன்று எல்லோருக்குமாக வழக்காடும் புதிய முறையைக் கொண்டுவந்தார்கள். நாட்டின் பாவனையாளர் அமைப்புகளின் கூட்டமைப்பு உடனே வழக்குப் போட்டது. 2020 பெப்ரவரியில் இணக்கம் வந்தது. சுமார் 2,60,000 பேருக்கு 83 கோடி யூரோ. காரின் வகையையும் வயதையும் பொறுத்து ஆளுக்கு 1,350 யூரோவிலிருந்து 6,257 யூரோ வரை.

மூன்று மாதம் கழித்து, மே 25ஆம் திகதி, நாட்டின் அதியுயர் சிவில் நீதிமன்றம் ஒரு தனி மனிதரின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அவர் 2014 ஜனவரியில் 31,490 யூரோ கொடுத்து ஷாரன் ரகக் கார் ஒன்றைப் பாவித்த நிலையில் வாங்கியவர். நிறுவனம் வேண்டுமென்றே அவரை ஏமாற்றியது என்று நீதிமன்றம் கண்டது. அவர் ஓட்டிய தூரத்துக்கான தொகையைக் கழித்துக்கொண்டு 25,616 யூரோவும் வட்டியும் கொடுக்கச் சொன்னது.

இதைக் கேட்டவுடன் நமக்கு என்ன தோன்றும்? வரிசையில் சேர்ந்தவன் ஆறாயிரத்தோடு போனான், தனியே நின்றவன் இருபத்தையாயிரம் வாங்கினான் என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். இருபத்தையாயிரம் வாங்கியவர் காரைத் திருப்பிக் கொடுத்தார். ஆறாயிரம் வாங்கியவர் காரை வீட்டில் வைத்துக்கொண்டே வாங்கினார். அந்தக் கார் இன்னும் ஓடும், விற்றாலும் விலைபோகும். ஆகவே இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடக்கூடாது. இன்னொன்று, அதே ஆண்டு ஜூலை 30ஆம் திகதி அதே நீதிமன்றம் இன்னொரு தனி மனிதரை வெறுங்கையோடு அனுப்பியது. அவர் கார் வாங்கியது 2016 ஓகஸ்டில், மோசடி பத்திரிகையில் வந்து ஏறத்தாழ ஓராண்டுக்குப் பிறகு. ஊர் அறிந்த விஷயத்துக்குப் பிறகு வாங்கியவரை நிறுவனம் ஏமாற்றியது என்று சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். தனி வழியில் முழுப் பணமும் கிடைக்கும், ஒன்றுமே கிடைக்காமலும் போகும். தவிரவும், ஜேர்மனியில் சட்டச் செலவுக்கென்றே காப்புறுதி எடுக்கும் பழக்கம் பரவலாக உண்டு. தோற்றால் கட்டணத்தை அது பார்த்துக்கொள்ளும். கண்டி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்காடும் நமக்கு அந்த வசதி கிடையாது.

எவ்வளவு கிடைக்கும் என்பதுதான் என்னிடம் வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி. என்னைக் கேட்டால் அது மூன்றாவது கேள்வி. முதல் கேள்வி, கோளாறை நிரூபிக்கும் சான்று யார் கையில் இருக்கிறது? இரண்டாவது, காலக்கெடு எப்போது முடிகிறது? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால், எந்த வழி என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும்.

வொக்ஸ்வாகன் வழக்கையே பாருங்கள். மென்பொருளுக்குள் என்ன எழுதியிருந்தது என்பதை எந்தக் கார்ச் சொந்தக்காரராலும் தன் வீட்டு முற்றத்தில் வைத்துக் கண்டுபிடித்திருக்க முடியாது. அரசாங்க முகவரமும் ஆய்வுக்கூடமும் அதை உடைத்துக் காட்டிய பிறகே தனி மனிதருடைய வழக்கும் நிலைத்து நின்றது. ஆனால் உங்கள் கார் மட்டும் மேட்டில் ஏறும்போது உதறுகிறது என்றால், அதற்கான சான்று உங்கள் கையில்தான் இருக்கிறது. ஊரைக் கூட்டினால் அந்தச் சான்று பலப்படாது, மங்கத்தான் செய்யும்.

இந்திய நீதிமன்றங்களில் இது நன்றாகத் தெரிகிறது. 2006இல் மாருதி நிறுவனத்துக்கும் ஒரு கார்ச் சொந்தக்காரருக்கும் இடையிலான வழக்கில், கிளச் கோளாறுக்காகக் காரையே மாற்றித்தர வேண்டும் என்ற கீழ்ப் பாவனையாளர் ஆணையத்தின் உத்தரவை இந்திய உச்ச நீதிமன்றம் குறைத்தது. உத்தரவாதப் பத்திரம் பழுதான பாகத்தை மாற்றித்தருவதாகத்தான் சொல்கிறது, முழுக் காரையும் அல்ல என்றது. பாகமும் 50,000 ரூபாயும் கிடைத்தன. 2022 ஏப்ரலில் ஹியூண்டாய் வழக்கில் காற்று வேறு பக்கமாக அடித்தது. 2015இல் வாங்கிய கிரெட்டா கார் 2017 நவம்பரில் விபத்துக்குள்ளானது. எயார்பேக் விரியவில்லை, ஓட்டியவர் காயப்பட்டார். மூன்று இலட்சம் ரூபாய் நட்டஈடும் புதுக் காரும் கொடுக்கச் சொன்ன உத்தரவை உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. இரண்டாம் வழக்கில் விரியாத எயார்பேக்கே கண்முன் நின்ற சான்று. அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியிருக்கவில்லை.

இந்தியப் பாவனையாளர் சட்டத்தில் கூட்டு முறைப்பாட்டுக்கும் இடம் உண்டு. ஆனால் 2021 டிசம்பரில் பெங்களூர்த் தொடர்மாடி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் அதற்கு ஒரு கடிவாளம் போட்டது. 1,134 வீடுகள் உள்ள தொகுதி. வழக்குப் போட்டவர்கள் 91 பேர். எல்லா வீட்டாருக்கும் ஒரே குறைதான் என்று நீங்கள் காட்டவில்லை, ஆகவே எல்லோருக்குமாகப் பேச முடியாது, உங்கள் 91 பேருக்காக மட்டும் சேர்ந்து பேசுங்கள் என்றது. ஒரே கடையில் வாங்கினோம் என்பதால் மட்டும் ஒரே கூட்டமாகிவிட மாட்டோம்.

இனி நமது வீட்டுக்கு வருவோம். இலங்கையில் லெமன் சட்டம் இல்லை. அதற்காக வெறும் கையோடு நிற்கிறோம் என்று நினைக்க வேண்டாம். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த வகைப் பொருளை விற்பதே தொழிலாக உள்ள ஒருவர் விற்கும் பொருள் விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்பதை, யாரும் வாய் திறந்து சொல்லாவிட்டாலும், சட்டமே ஒப்பந்தத்துக்குள் எழுதிவைக்கிறது. ஆனால் வாங்கு முன் நீங்களே பார்த்துப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் கண்ணில் பட்டிருக்க வேண்டிய குறையைப் பற்றிப் பிறகு பேச முடியாது. பொனட்டைத் திறந்து பார்த்துத் தலையாட்டிவிட்டு வந்த மச்சான்மார் இதைக் கவனிக்கவும்.

அதைவிடக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். அதன் 13ஆம் பிரிவை நீங்கள் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளை ஒரு வியாபாரி விற்றால், அதிகாரசபை விசாரிக்கலாம். விசாரித்து நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றித்தரவோ, பணத்தைத் திருப்பித்தரவோ உத்தரவிடலாம். கவனியுங்கள், லெமன் சட்டம் கொடுக்கும் அதே பரிகாரங்கள் இவை. காருக்கு மட்டுமல்ல, குளிர்சாதனப் பெட்டிக்கும் தண்ணீர்ப் பம்பிக்கும் இது பொருந்தும். சட்டத்தரணியும் தேவையில்லை. என் தொழிலுக்கு விரோதமாக நானே இதைச் சொல்கிறேன்.

ஆனால் அந்தப் பிரிவுக்குள் ஒரு பொறி இருக்கிறது. முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். பொருளை விற்று மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பழுது தெரிந்த நாளிலிருந்து அல்ல, விற்ற நாளிலிருந்து மூன்று மாதம். கடைக்காரர் ஓராண்டு வாரண்டி அட்டை தருகிறார். நாம் ஓராண்டு இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கிறோம். "கொண்டுவாங்கோ, பார்த்துத் தாறம்" என்று கடைக்காரரும் தங்கமாகப் பேசுகிறார். அந்தப் பேச்சிலேயே தொண்ணூறு நாள் கரைந்துவிடுகிறது.

கூட்டு வழக்குக்கு நம்மிடம் என்ன இருக்கிறது? குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 16ஆம் பிரிவு. ஒரே நலனுடைய பலர் இருந்தால், நீதிமன்றத்தின் அனுமதியோடு ஒருவரோ சிலரோ எல்லோருக்குமாக வழக்காடலாம். மற்றவர்களுக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் பத்திரிகையில் விளம்பரம் போட வேண்டும், செலவு நம்முடையது. அமெரிக்கா போல இலட்சம் பேருக்கு நட்டஈடு பிரித்துக்கொடுக்கும் இயந்திரமாக அதை வளர்த்தெடுக்கவில்லை. ஆகவே பெருங்கூட்டம் பாதிக்கப்படும்போது நாம் போகும் பாதை அடிப்படை உரிமை மனு, உயர் நீதிமன்றம். அரசு செய்ததோ செய்யத் தவறியதோ இருந்தால்தான் அந்தக் கதவு திறக்கும். அதற்கும் காலக்கெடு ஒரு மாதம். உயிர்த்த ஞாயிறு தாக்குதல் வழக்கில் 2023 ஜனவரி 12ஆம் திகதி, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது இந்தப் பாதையில்தான்.

தமிழர்களுக்கு நெருக்கமான வழக்கு சுன்னாகம். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கும் நீர்தான் கிணற்றுக்கு வரும், குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் அதுதான். சுன்னாகம் அனல் மின்நிலையச் சுற்றாடலில் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. சுற்றாடல் ஆர்வலர் ஒருவர் 2015இல் உயர் நீதிமன்றம் போனார். 2019 ஏப்ரல் 4ஆம் திகதி தீர்ப்பு. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையின்படி நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபாய் செலுத்த வேண்டும். அதிகபட்சம் 500 பேருக்கு, ஆளுக்கு 40,000 ரூபாய் வரை.

ஒரு கிணற்றுக்கு நாற்பதாயிரம் காணுமா? காணாது. அந்தத் தொகையை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை. ஆனால் முதல் கேள்வியைக் கேட்டுப்பாருங்கள். சான்று யார் கையில் இருந்தது? நிலத்தடி நீர் எந்தத் திசையில் ஓடுகிறது, எண்ணெய் எங்கிருந்து புறப்பட்டது, அனுமதி கொடுத்த அதிகாரிகள் எதைப் பார்க்காமல் விட்டார்கள் என்பதையெல்லாம் ஒரு தோட்டக்காரக் குடும்பம் தனியே நிரூபிக்க முடியுமா? தனியே போயிருந்தால் நாற்பதாயிரமும் இல்லை. அந்த மக்களுக்குக் கூட்டு வழிதான் வழி. குறை, அந்த வழியில் தொகையை எல்லோருக்கும் ஒரே உச்சவரம்பில் வெட்டிவிடுகிறார்கள் என்பது. அதிகம் இழந்தவரும் குறைவாக இழந்தவரும் ஒரே அளவுக் கோப்பையில் தண்ணீர் வாங்குகிறார்கள்.

காஸ் சிலிண்டரும் இதே வகைதான், ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. 2021 கடைசியில் நாடெங்கும் அடுப்புகள் வெடித்தன. ஜனாதிபதி நியமித்த எட்டுப் பேர் குழு, மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் தலைமையில் ஆராய்ந்து, புரொப்பேன், பியூட்டேன் கலவை மாற்றப்பட்டதுதான் முக்கிய காரணம் என்றது. நமது வெப்பநிலையில் புரொப்பேனின் ஆவி அழுத்தம் பியூட்டேனைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு. புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். பழைய குழாயும் தேய்ந்த ரெகுலேட்டரும் தாங்காது, கசியும். சிலிண்டருக்குள் என்ன கலவை என்பதை எந்த அம்மாவாலும் குசினியில் வைத்துச் சொல்ல முடியாது. கண்ணாடி மேல்தட்டு நொறுங்கிய அடுப்புக்காக ஒருவர் மாவட்ட நீதிமன்றம் போனால், பஸ் காசும் வக்கீல் காசும் அடுப்பின் விலையைத் தாண்டிவிடும். அப்படிப்பட்டவர்கள் கூட்டத்தோடு நிற்பதுதான் புத்தி. ஆனால் தீக்காயம் பட்டவர், வீட்டில் ஆளை இழந்தவர்? அவருடைய இழப்பு அவருக்கே உரியது. வைத்தியசாலை அறிக்கை, மரண விசாரணை அறிக்கை, தீயணைத்தவர்களின் குறிப்பு எல்லாம் அவர் கையில். கலவை பற்றிய பொதுச் சான்றைக் குழு அறிக்கையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இப்படிப்பட்டவர் கூட்டத்துக்குக் கிடைக்கும் சில்லறையை வாங்கிக்கொண்டு ஒதுங்குவது பெரும் தவறு.

தகாட்டா நிறுவனத்தின் எயார்பேக் விவகாரத்தில், பண இழப்புக்கும் உடற்காயத்துக்கும் இடையிலான இந்தக் கோட்டை அமெரிக்காவில் தெளிவாகவே போட்டார்கள். எயார்பேக்கை விரிக்கும் அமோனியம் நைத்திரேட்டு வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் காலப்போக்கில் கெட்டுவிடும். பிறகு விரியும்போது உலோகத் துண்டுகளை ஓட்டுநர் மீது எறியும். 2017 மே மாதம் டொயோட்டா, மஸ்டா, சுபாரு, பிஎம்டபிள்யூ ஆகிய நான்கும் 553 மில்லியன் டொலருக்குக் கூட்டு இணக்கத்துக்கு வந்தன. அது காரின் மதிப்புக் குறைந்தது, திருத்தத்துக்கு அலைந்தது போன்ற பண இழப்புக்கு மட்டும். உடம்பில் காயம் பட்டவர்களின் வழக்குகளை அது தொடவில்லை. நல்ல இணக்கப் பத்திரம் எதை விட்டுக்கொடுக்கிறீர்கள், எதை விட்டுக்கொடுக்கவில்லை என்று வரி வரியாகச் சொல்லும். போகிற போக்கில் ஒன்று: வெப்பமும் ஈரமும் நமது நாட்டில் குறைவில்லை. ஜப்பானிலிருந்து வந்த பழைய கார் வைத்திருப்பவர்கள் சாசி இலக்கத்தைக் காரைத் தயாரித்த நிறுவனத்தின் இலங்கை முகவரிடம் கொடுத்துக் கேட்டுப்பாருங்கள்.

ஜப்பான் கார் என்றதும் கண்டியின் நிலைமைக்கு வருகிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் ஐந்து ஆண்டு, பழைய வாகனங்களே கைமாறிக் கைமாறிப் பொன்விலைக்குப் போயின. கடுகண்ணாவை ஏற்றம், அம்பிட்டிய வளைவு, ஹந்தானை மேடு என்று நமது தெருக்கள் கியர்பெட்டியைச் சும்மா விடுவதில்லை. ஹொண்டா நிறுவனம் தனது ஃபிட் ஹைபிரிட் காரை ஜப்பானில் வெளியிட்டு, ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில், 2014 ஒக்டோபருக்குள் ஐந்து முறை மீளழைத்தது. அவற்றில் பல இரட்டைக் கிளச் கியர்பெட்டியின் மென்பொருள் பற்றியவை. ஜப்பானில் இருந்த முதல் சொந்தக்காரர் அந்த மீளழைப்புக்குப் போனாரா இல்லையா என்பது இங்கே மூன்றாம் கையாக வாங்கும் நமக்கு எப்படித் தெரியும்?

ஒரு தம்பியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அக்குறணையிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குப் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிச்செல்ல லீசிங்கில் ஒரு வேன் எடுக்கிறார். வாகன விற்பனை நிலையத்தில் எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் ஆறு மாதம் வாரண்டி என்று வாயால் சொல்கிறார்கள். மூன்றாம் வாரமே மேட்டில் வேன் உதறுகிறது. கொண்டுபோகிறார், பார்த்துத் தருகிறார்கள், மறுபடி உதறுகிறது. இப்படிப் பல முறை. ஒரு முறைகூட என்ன செய்தோம் என்று துண்டு எழுதிக் கொடுக்கவில்லை, இவரும் கேட்கவில்லை. வேன் கராஜில் நின்றாலும் லீசிங் தவணை நிற்காது. அதற்குள் அதே இடத்தில் வாங்கி இப்படியே அல்லாடும் இன்னும் சிலர் வாட்ஸ்அப் குழு தொடங்குகிறார்கள். "அவசரப்படாதே, எல்லோரும் சேர்ந்து ஒரு பெரிய வழக்காகப் போடுவோம்" என்கிறார் குழுவின் தலைவர். ஐந்தாம் மாதம் என்னைப் போன்ற ஒருவரிடம் வருகிறார்கள்.

வேன் ஒவ்வொன்றும் வேறு மாதிரி, வேறு ஆண்டு, வேறு ஓட்டம். பெங்களூர் வழக்கு நினைவிருக்கிறதல்லவா? ஒரே கடைதான், ஆனால் ஒரே குறை அல்ல. ஒவ்வொருவருடைய சான்றும் அவரவர் கையில்தான். இது கூட்டத்துக்கான வழக்கே அல்ல. ஆனால் கூட்டத்துக்காகக் காத்திருந்து மூன்று மாதக் கெடு போய்விட்டது. அதிகாரசபையின் கதவு அடைபட்ட பிறகு மிஞ்சுவது மாவட்ட நீதிமன்றம். எழுத்து ஒப்பந்தம் இருந்தால் ஆறு ஆண்டு, எழுத்து இல்லாவிட்டால் மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. தொகை சட்டம் வரையறுத்த எல்லைக்குக் குறைவானால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போய், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் வாங்கிவர வேண்டும். மத்தியஸ்த சபையை இழிவாக நினைக்காதீர்கள். சனி ஞாயிறுகளில் பள்ளிக்கூட வகுப்பறையில் கூடும் அந்தச் சபைக்கு முன்னால் பல வியாபாரிகள் நீதிமன்றத்தில் காட்டாத மரியாதையைக் காட்டுவதுண்டு. ஊரார் பார்க்கிறார்கள் என்ற கூச்சம்தான் காரணம்.

ஆகவே என் கட்சி இது. நமது நாட்டில் தனி முறைப்பாட்டை முதலில் போடுங்கள், கூட்டத்தில் பிறகு சேருங்கள். தனி முறைப்பாடு கொடுத்தவர் கூட்டத்தோடு சேர எந்தத் தடையும் இல்லை. கூட்டத்துக்காகக் காத்திருந்தவர் தனி முறைப்பாட்டுக்குத் திரும்ப முடியாது. சில தோழர்கள் இதைச் சுயநலம் என்பார்கள். எழுதப்பட்ட முப்பது தனி முறைப்பாடுகள் ஒரே கடையைப் பற்றி அதிகாரசபையின் மேசையில் கிடந்தால், அதைவிடப் பலமான கூட்டம் எது?

முறைப்பாட்டில் பெரிய தமிழ் வேண்டாம். எப்போது, எங்கே, என்ன விலைக்கு வாங்கினேன். என்ன சொல்லி விற்றார்கள். எந்தத் திகதியில் பழுது தெரிந்தது, எந்தெந்தத் திகதியில் கொண்டுபோனேன், என்ன செய்தார்கள். எனக்கு வேண்டியது மாற்றுப் பொருளா, பணமா, நட்டஈடா. இந்தக் கடைசி வரியைப் பலர் எழுதுவதில்லை. "தகுந்த நடவடிக்கை எடுக்கவும்" என்று முடித்துவிடுகிறார்கள். பில்லின் பிரதியை இணையுங்கள், மூலத்தை வீட்டில் வையுங்கள். பில் தராத கடையில் கேட்டு வாங்குங்கள், கேட்பவருக்குப் பற்றுச்சீட்டுக் கொடுக்க வியாபாரி சட்டப்படி கடமைப்பட்டவர். கடைக்குத் தனியாக ஒரு கடிதம் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 1977 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் சொல்லலாம்தான், ஆனால் சட்டம் கேட்பது எழுத்தை. தனி ஆளிடம், அவர் சொந்தமாக ஓட்டிய காரை வாங்கினால் இந்த வழி பொருந்தாது. அவர் வியாபாரி அல்ல.

கம்பனி இறங்கிவந்து ஏதாவது தரும்போது ஒரு தாளை நீட்டும். அதில் "முழுமையான இறுதித் தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்" என்றிருக்கும், பெரும்பாலும் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ. ஒரு பாகத்தை மட்டும் மாற்றித் தந்தால், அந்தப் பாகத்தைப் பெற்றுக்கொண்டேன் என்று மட்டும் எழுதிக் கையொப்பமிடுங்கள். புரியாத மொழியில் இருந்தால் தமிழில் கேளுங்கள், அல்லது ஒருநாள் அவகாசம் கேளுங்கள். அவகாசம் தர மறுக்கும் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். உத்தரவாத அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் எந்தப் பொறுப்பும் ஏற்கமாட்டோம் என்று அச்சடித்திருந்தால் பயப்பட வேண்டாம். அப்படிப்பட்ட வாசகங்கள் நியாயமானவையா என்று பார்ப்பதற்கு 1997ஆம் ஆண்டின் நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் இருக்கிறது.

கடைசியாக, ஸ்காபரோவிலிருந்து கடிதத்தைப் படம் பிடித்து அனுப்பும் மருமகளுக்கு. ஒன்ராறியோவில் லெமன் சட்டம் இல்லை. கியூபெக்கில் 2023 ஒக்டோபரிலிருந்து உண்டு. கனடாவில் வாகன உற்பத்தியாளர்களோடு உள்ள தகராறைத் தீர்க்க, கார்ச் சொந்தக்காரருக்குச் செலவில்லாத நடுவர் தீர்ப்புத் திட்டம் ஒன்றும் இயங்குகிறது. அதன் முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். கார் மூன்று நான்கு முறை கராஜுக்குப் போய்வந்து, திருத்தச் சீட்டெல்லாம் கையில் இருந்தால், கூட்டு இணக்கத்தில் சேரு முன் அங்கே விசாரிக்கச் சொல்லுங்கள். கார் நன்றாக ஓடுகிறது, எப்போதோ ஒருமுறை உதறியது, அவ்வளவுதான் என்றால், விண்ணப்பத்தை நிரப்பிக் கிடைப்பதை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். எப்படியானாலும் அந்தக் கடிதத்தில் விலகுவதற்கு ஒரு திகதியும் பணம் கோருவதற்கு ஒரு திகதியும் இருக்கும். விலகும் திகதி பெரும்பாலும் முதலில் முடியும். முதற்பக்கத்தை மட்டும் படம் பிடித்து அனுப்பினால் மாமாவுக்கு அது தெரியாது. எல்லாப் பக்கங்களையும் அனுப்பச் சொல்லுங்கள்.